பொரித்த குஞ்சு பிழைக்க வேண்டும்

(திருவெண்ணெய்நல்லூர் வட்டாரத் தம்பதியர் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)

 

"சுகாதார இலாகாவிலிருந்து ஆள் வந்திருக்கிறது. ஊசியைப் பற்றிச் சொல்லும், கைகழுவச் சொல்லும், போய்விடும்" என்று நினைத்துத்தான் வந்து உட்கார்ந்திருப்பீர்கள். அந்த இரண்டையும் நான் விடப் போவதில்லை. ஆனால் இன்றைக்கு அவற்றைக் கோழியின் வழியாகச் சொல்லப் போகிறேன். நம் வீட்டுக் கொல்லையில் குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கிறதே, அந்தக் கோழி!

சுகாதாரத்துக்கும் கோழிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வீடு வீடாகப் போகிறவன் நான். ஒரு வீட்டில் பிள்ளையின் எடை குறைவாக இருக்கும். தாய்க்கு இரத்தம் குறைவாக இருக்கும். "பிள்ளைக்கு முட்டை கொடுக்கிறதுண்டாம்மா?" என்று கேட்பேன். "முட்டைக்கு எங்கங்க போறது?" என்பார்கள். அப்போது என் காலடியிலேயே ஒரு கோழி மேய்ந்துகொண்டிருக்கும். "இது?" என்றால், "அது விக்கிறதுக்குங்க" என்று பதில் வரும். அடுத்த சித்திரையில் அதே வீட்டுக்குப் போனால் கோழியே இருக்காது. "எல்லாம் நோவுல போயிடுச்சுங்க" என்பார்கள். ஆக, அந்தக் கோழியைப் பிள்ளை தின்னவும் இல்லை, வீட்டார் விற்கவும் இல்லை. இப்படித்தான் பல வீடுகளில் கோழி வருகிறது, போகிறது.

இது சடையப்ப வள்ளல் வாழ்ந்த ஊர் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கம்பரை ஆதரித்தவர் அவர். வந்தவருக்குச் சோறு போடுவது இந்த மண்ணுக்குப் பழக்கம். இன்றைக்கும் ஒரு விருந்தாளி வந்துவிட்டால் பஞ்சாரத்தைத் தூக்கிச் சேவலைப் பிடிக்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தக் கோழியை ஆறு மாதம் காத்து வளர்த்த வீட்டம்மாவுக்கு மிஞ்சுவது கடைசியில் குழம்பு மட்டும்தான். இதையும் கணவன்மார்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்தது

எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். என் அம்மாவிடம் பெரியதும் சிறியதுமாக இருபத்திரண்டு கோழிகள் இருந்தன. அம்மாவின் சிறுவாட்டுக் காசு முழுவதும் அதிலிருந்து வந்ததுதான். எங்கள் நோட்டுப் புத்தகம், அக்காவின் வளையல், அப்பாவுக்குத் தெரியாமல் கட்டிய சீட்டு எல்லாம் கோழிக் காசு.

ஒரு கோடையில், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் சமயம், சந்தையிலிருந்து ஒரு விடைக்கோழி வாங்கி வந்தார்கள். கொஞ்சம் சோர்ந்துதான் இருந்தது. "வெயில்ல வந்த களைப்பு" என்று சொல்லி மற்ற கோழிகளோடு விட்டுவிட்டார்கள். நாலாம் நாள் அது கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. பத்து நாளில் எங்கள் வீட்டில் மிஞ்சியவை இரண்டே கோழிகள்.

அதோடு முடியவில்லை. பக்கத்து வீட்டு அத்தையின் கோழிகளும் சாக ஆரம்பித்தன. தெருவில் பெரியவர் ஒருவர், "சாவறதுக்குள்ள வித்துடுங்க" என்று யோசனை சொன்னார். எல்லோரும் நடமாடிக்கொண்டிருந்த கோழிகளைக் கூடையில் போட்டுக்கொண்டு சந்தைக்கு ஓடினார்கள். எங்களுக்கு நோய் எப்படி வந்ததோ, அப்படியே அதை வேறு ஊருக்கு அனுப்பி வைத்தோம். "கண்ணு பட்டுடுச்சு" என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கண்ணும் படவில்லை, காற்றும் அடிக்கவில்லை. அது வெள்ளைக்கழிச்சல் நோய். சில சொட்டு மருந்தில் தடுத்திருக்கக்கூடிய நோய்.

அன்றைக்கு யாராவது வந்து இதை எங்கள் தெருவில் சொல்லியிருந்தால்! அதனால்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கு

உங்கள் வீட்டில் மூன்று பெட்டைக் கோழிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் ஆண்டுக்கு இரண்டு முறை அடை வைக்கிறீர்கள். ஒரு அடைக்குப் பன்னிரண்டு முட்டை. மொத்தம் 72 முட்டை. பன்னிரண்டுக்குப் பத்து பொரித்தால் 60 குஞ்சுகள்.

இந்த 60 குஞ்சில் பத்துக்கு மூன்று வீதம் பிழைத்தால் 18 கோழிகள். பத்துக்கு ஏழு வீதம் பிழைத்தால் 42 கோழிகள். வித்தியாசம் 24 கோழிகள்! அதை இன்றைய சந்தை விலையால் நீங்களே பெருக்கிப் பாருங்கள். இந்த 24 கோழிக்காகக் கூடுதலாக ஒரு முட்டைகூட வைக்கவில்லை, ஒரு பெட்டைகூட வாங்கவில்லை. பொரித்ததைச் சாகவிடாமல் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

2019-20ஆம் ஆண்டில் தமிழக அரசு கிராமப்புற ஏழைப் பெண்களுக்கு அசீல் இனக் குஞ்சுகளை ஆளுக்கு 25 வீதம் இலவசமாகக் கொடுத்தது. அவை நேற்றுப் பொரித்த குஞ்சுகள் அல்ல, நான்கு வாரம் வளர்ந்தவை. ஏன்? முதல் நான்கு வாரம்தான் கண்டம். அதைத் தாண்டிய குஞ்சு நிலைத்துவிடும். ஆகவே நான் சொல்லப்போவதில் முக்கியமானது இந்த ஒன்றுதான்: குஞ்சு பொரிக்க வைப்பதைவிடப் பொரித்ததைப் பிழைக்க வைப்பதில் இருக்கிறது வருமானம்.

அடை வைக்குமுன்

எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். ஆனால் அதே சேவலையே ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொண்டிருந்தால் அது தன் குஞ்சுகளோடேயே சேரும். நாளடைவில் இனம் நோஞ்சானாகப் போகும், முட்டை கூமுட்டையாகும். ஆண்டுக்கு ஒரு முறை வேறு ஊர்ச் சேவலாகப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

முட்டையைப் பொறுக்கி எடுப்பதில் கவனம் வேண்டும். மிகச் சிறியது, மிகப் பெரியது, ஓடு கீறியது, கோணலானது எதையும் அடைக்கு வைக்காதீர்கள். முட்டையைக் கழுவாதீர்கள். ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு அழிந்தால் கிருமி உள்ளே போக வழியாகும். அழுக்கு இருந்தால் காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

அடைக்கு வைத்திருக்கும் முட்டை நாள்பட ஆகாது. குளிர்காலத்தில் ஒரு வாரத்துக்குள், கோடையில் நாலைந்து நாளுக்குள் இட்ட முட்டைதான் உகந்தது. நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரைக்கு அடியில் கிடக்கும் முட்டையில், கோழி உட்காரும் முன்பே கரு அரைகுறையாக வளர ஆரம்பித்துச் செத்துவிடும். அகன்ற சட்டியில் ஈர மணலைப் பரப்பி, மேலே ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் முட்டையின் கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள்.

இன்னொன்று. அடைமுட்டையோடு இரும்புத் துண்டும் கரியும் மிளகாயும் போடுகிற பழக்கம் உண்டு. இடி இடித்தால் முட்டை கெடாது என்று சொல்வார்கள். போட்டால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் முட்டை கெடுவது இடியால் அல்ல. பழைய முட்டை, சேவல் சேராத முட்டை, வெயில் பட்ட முட்டை, இவைதான் கெடும். இரும்பை நம்பிப் பழைய முட்டையை வைக்காதீர்கள்.

இருபத்தொரு நாள்

கூடையிலோ உடைந்த பானையிலோ மணலும் சாம்பலும் போட்டு, மேலே வைக்கோலைப் பரப்புங்கள். கொஞ்சம் வேப்பிலை சேர்த்தால் பேன் தொல்லை குறையும். பேன் பிடித்த கோழி அடையில் நிலையாக உட்காராது. பத்து முதல் பன்னிரண்டு முட்டை வையுங்கள். ஆசைப்பட்டுப் பதினைந்து, பதினெட்டு என்று வைத்தால், ஓரத்து முட்டைகளுக்குச் சூடு போதாமல் எல்லாமே அரைகுறையாகும். பொழுது சாய்ந்தபின் அடை வைப்பது நல்லது. இருட்டில் கோழி அமைதியாக உட்காரும்.

அருகிலேயே தானியமும் தண்ணீரும் இருக்கட்டும். தினம் ஒரு தடவை கால்மணி நேரம் எழுந்து, தின்று, கழிந்துவிட்டு வரட்டும். எழுந்திருக்காமல் பட்டினி கிடக்கும் கோழியை நீங்களே மெல்லத் தூக்கி வெளியே விடுங்கள்.

ஏழாம் நாள் இரவு டார்ச் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டையின் அகன்ற முனையில் வைத்து அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி செந்நரம்புகள் தெரிந்தால் கரு இருக்கிறது. வெறும் வெளிச்சமாகத் தெரிந்தால் கரு இல்லை. அதை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது அழுகி வெடித்து, நல்ல முட்டைகளையும் கெடுக்கும். பதினெட்டாம் நாளுக்கு மேல் முட்டைகளைத் தொடவே வேண்டாம்.

இருபத்தொன்றாம் நாள் குஞ்சு வெளியே வரும். ஓட்டை நாம் பிய்த்து உதவி செய்யக் கூடாது. வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு ஒரு நாள், இரண்டு நாளைக்குக் குஞ்சுக்குத் தாங்கும். ஈரம் உலரும் வரை தாயின் சிறகுக்குள்ளேயே இருக்கட்டும்.

முதல் நாற்பது நாள்

குஞ்சுகள் எப்படிச் சாகின்றன என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் நம் கண்முன்னாலேயே சாகின்றன. காகம் தூக்குகிறது, பருந்து அடிக்கிறது. கரும்புத் தோட்டத்திலிருந்து கீரி வருகிறது. ராத்திரியில் பூனையும் பாம்பும் வருகின்றன. மழையில் நனைந்து விறைக்கிறது. தண்ணீர்ச் சட்டியில் விழுந்து மூழ்குகிறது. இவற்றில் எதற்கும் மருந்துக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

பொரித்த முதல் மூன்று வாரம் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்துக்குள்ளேயோ வலை கட்டிய இடத்திலேயோ வைத்து இரை போடுங்கள். நொய்யரிசி, உடைத்த கம்பு, கேழ்வரகு கொடுக்கலாம். தண்ணீரை ஆழமில்லாத தட்டில் வைத்து, நாலைந்து கூழாங்கற்களைப் போடுங்கள். குஞ்சு கல்லின் மேல் நின்று குடிக்கும், மூழ்காது.

தானியம் மட்டும் போதாது. வளரும் குஞ்சுக்குப் புழுபூச்சி வேண்டும். அதற்குக் கரையான் பிடிக்கிற வழி இருக்கிறது. ஒரு பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, வைக்கோல் போட்டுத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் உள்ள இடத்தில் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும் தூக்கிப் பார்த்தால் கரையான் சேர்ந்திருக்கும். குஞ்சுகளுக்குத் தட்டிவிடுங்கள். காசில்லாத தீனி.

இரண்டு கோழிகளை ஒரே நாளில் அடை வைத்தால் ஒரு வசதி உண்டு. பொரித்த அன்று இரவே இரண்டின் குஞ்சுகளையும் ஒரு தாயிடம் சேர்த்துவிடலாம். பதினைந்து குஞ்சு வரை ஒரு தாய் அணைக்கும். மற்றக் கோழி சீக்கிரம் மறுபடி முட்டைக்கு வந்துவிடும். தாய் இல்லாத குஞ்சுகளை விளக்குச் சூட்டில் வளர்ப்பதானால் குண்டு பல்பு எரிய விடுங்கள். குஞ்சுகள் விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் சூடு போதவில்லை. விலகி ஓடி வாயைத் திறந்துகொண்டிருந்தால் சூடு அதிகம். பரவலாக மேய்ந்தால் சரியாக இருக்கிறது.

விதைநேர்த்தி செய்த மல்லாட்டை, மருந்தடித்த வயல் இவற்றின் பக்கம் கோழியை விடாதீர்கள். அடுத்தவர் நாற்றங்காலையும் நெல் களத்தையும் கிளறவிட்டுச் சண்டைக்கு இடம் கொடுக்காதீர்கள். கோழியால் பிரிந்த பங்காளிகள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும்!

கோழி ஒரு வீட்டுக்கு, நோய் ஒரு தெருவுக்கு

இப்போது ஊசிக்கு வருகிறேன். இதுதான் மிக முக்கியம்.

வெள்ளைக்கழிச்சல் நோயை ராணிக்கெட் நோய் என்றும் சொல்வார்கள். 1926இல் இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊரில் இது கண்டறியப்பட்டது. மறு ஆண்டு, 1927இல், நம் நாட்டில் இமயமலைப் பக்கத்து ராணிக்கெட்டில் கண்டார்கள். அதனால் நம் நாட்டில் அந்தப் பெயர். வந்துவிட்டால் மருந்து கிடையாது. தடுப்பு ஒன்றுதான் வழி.

பொரித்த ஏழாம் நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாம் வாரத்தில் இறக்கைப் பக்கம் ஊசி. அந்த ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு மருந்து. இடையில் கோழி அம்மைக்கும் தடுப்பூசி உண்டு. பிறகு எப்போதெப்போது போட வேண்டும் என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்வார். ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் கால்நடை பராமரிப்புத் துறை ஊர் ஊராக இலவச முகாம் நடத்துகிறது. கோடை வருமுன் கோழிக்குக் காப்பு கட்டுகிற முகாம் அது. தண்டோரா கேட்டதும் காலையிலேயே கோழியைத் திறந்துவிடாமல் கூட்டிலேயே வைத்திருங்கள். மேயப் போன கோழியைத் துரத்திக்கொண்டிருந்தால் ஊசிக்காரர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்!

முகாமுக்கு இடையில் பொரித்த குஞ்சுகளுக்கு என்ன செய்வது? இங்கேதான் ஒரு சங்கடம். மருந்துக் குப்பி ஒன்று நூறு கோழிக்கோ அதற்கு மேலோ காணும். கலக்கிவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும், வெயில் பட்டால் வீண். எட்டுக் குஞ்சு வைத்திருக்கும் ஒரு வீட்டுக்கு ஒரு குப்பி எதற்கு? "நமக்கு இருக்கிற நாலு குஞ்சுக்கு இதெல்லாம் எதுக்கு" என்று விட்டுவிடுகிறோம்.

நான் சொல்லும் வழி இது. ஒரு தெருவில் பத்து வீட்டுத் தாய்மார்கள் கூடிப் பேசி, ஒரே வாரத்தில் அடை வையுங்கள். மகளிர் குழு இருக்கிற தெருவில் இது இன்னும் எளிது. பத்து வீட்டுக் குஞ்சும் ஒரே சமயத்தில் பொரிக்கும். ஏழாம் நாள் நூறு குஞ்சுக்கு ஒரு குப்பி சரியாக இருக்கும். கணவன்மார்களில் ஒருவர் காலையில் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ போய்க் கால்நடை மருந்தகத்தில் கேட்டு, ஐஸ் போட்ட டப்பாவில் வாங்கி வரட்டும். போடும் முறையை மருந்தகத்திலேயே கற்றுக்கொள்ளலாம். உங்கள் கோழி மட்டும் ஊசி போட்டு, பக்கத்து வீட்டுக் கோழி போடாமல் இருந்தால் நோய் அந்தத் தெருவை விட்டுப் போகாது. குழந்தைக்குத் தடுப்பூசி போடும்போது நாங்கள் சொல்வதும் இதேதான்: ஒரு வீடு விட்டாலும் ஊர் விட்ட மாதிரி.

இன்னும் மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள்.

1. சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு மூன்று வாரம் தனியே கட்டி வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். என் அம்மா செய்யாமல் விட்டது இதைத்தான்.

2. நோய் கண்ட கோழியை விற்காதீர்கள், அடித்துத் தின்னாதீர்கள். செத்ததை ஆற்றிலோ வாய்க்காலிலோ குப்பை மேட்டிலோ எறியாதீர்கள். நாய் தோண்டாத ஆழத்தில் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுங்கள்.

3. பல கோழிகள் ஒரே சமயத்தில் திடீரென்று செத்தால் உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். 2006இல் மகாராஷ்டிரத்தில் நவாப்பூரில் வந்ததே பறவைக் காய்ச்சல், அது மனிதரையும் தொற்றக்கூடியது. மறைத்து வைக்கக் கூடிய விஷயம் அல்ல.

தவழும் பிள்ளையும் கோழி எச்சமும்

கோழி வளர்க்கும் வீட்டில் ஓர் ஆபத்து உண்டு. தவழும் பிள்ளை தரையில் கிடப்பதை எடுத்து வாயில் வைக்கும். கோழி எச்சத்தில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் இருக்கின்றன. அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால் பிள்ளைக்கு எவ்வளவு முட்டை ஊட்டினாலும் உடம்பில் ஒட்டாது. ஆகவே கோழியை வீட்டுக்குள்ளும் அடுப்படியிலும் விடாதீர்கள். பிள்ளை விளையாடும் இடத்தைத் தடுத்து வையுங்கள். இராத்திரிக்குத் தனிக் கூடு வேண்டும். தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, பழைய பலகையோ மூங்கிலோ வைத்து அடித்தால் போதும். இதைக் கணவன்மார்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடிக்கலாம். கூட்டைச் சுத்தம் செய்த பிறகும், முட்டை எடுத்த பிறகும், பிள்ளையைத் தூக்குமுன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சொன்னேனே, கை கழுவுவதை விடமாட்டேன் என்று!

எதை விற்பது, எதைத் தின்பது

நாட்டுக்கோழி ஓர் ஈட்டுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து முட்டை இடும். நாள்பட்ட முதல் முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இட்ட புது முட்டைகளை அடைக்கு வையுங்கள். அடைக்குப் போக மிஞ்சுவது தாய்க்கும் பிள்ளைக்கும். ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. கர்ப்பிணிக்கு முட்டை சூடு என்பது வீண் பயம். நன்றாக வேகவைத்துக் கொடுங்கள்.

ஒரு ரகசியமும் சொல்கிறேன். நாட்டுக்கோழி முட்டைக்கும் கடையில் விற்கும் வெள்ளை முட்டைக்கும் சத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. விலையில்தான் வித்தியாசம். நாட்டு முட்டைக்கு நல்ல விலை வந்தால் தாராளமாக விற்றுவிடுங்கள். ஆனால் அந்தக் காசில் வெள்ளை முட்டையை வாங்கிப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். ஒன்றை விற்றால் ஒன்றுக்கு மேலேயே கிடைக்கும்.

கோழி விற்பதற்குக் காலம் பார்க்க வேண்டும். தை முதல் வாரத்தில் அடை வைத்தால் மாதக் கடைசியில் பொரிக்கும். ஆடி மாதம் கூழ் ஊற்றும் காலத்துக்கு ஐந்து மாதச் சேவல் கைவசம் இருக்கும். அப்போது விலை ஏறும். புரட்டாசியில் பலர் கவிச்சி தொடமாட்டார்கள், விலை இறங்கும். அவசரம் இல்லாவிட்டால் அந்த மாதம் விற்காதீர்கள். ஐப்பசியில் தீபாவளி வருகிறது. வைகாசியில் வைத்த இரண்டாம் அடைக் குஞ்சுகளில் நன்றாகத் தேறியதைத் தீபாவளிக்கும், மற்றதைப் பொங்கல் கரிநாளுக்கும் விற்கலாம். மழைக்காலத்திலும் கடும் வெயிலிலும் அடை வைப்பதை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள்.

வாசலுக்கு வரும் வியாபாரி கோழியைக் கையில் தூக்கிப் பார்த்து ஒரு விலை சொல்வார். அவர் கைக்குக் கணக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. ஒரு கொக்கித் தராசு வாங்கி வீட்டில் தொங்கவிடுங்கள். முதலில் நீங்களே நிறுத்து, அன்றைய கிலோ விலையை அரசூரிலோ திருக்கோவிலூரிலோ விசாரித்துக்கொண்டு, பிறகு பேச்சைத் தொடங்குங்கள். சேவலை விற்றாலும் நல்ல முட்டைக்காரிப் பெட்டையை விற்காதீர்கள். அது விதைநெல்.

"பெரிய பண்ணை வையுங்கள், பணத்தைக் கட்டுங்கள், நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்று ஆசை காட்டுபவர்களிடம் எச்சரிக்கை வேண்டும். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டு ஏமாந்தவர்களை நாடே பார்த்தது. கடன் வாங்கிக் கோழி வளர்க்க வேண்டாம். மூன்று பெட்டையில் தொடங்குங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை

கணவன்மார்களே! கோழிக் காசு வீட்டம்மாவின் காசு. அதைக் கேட்டு வாங்காதீர்கள். அது கையில் இருக்கும் பெண், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உங்கள் வரவுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவாள். தாய்மார்களே! அந்தக் காசிலிருந்து உங்களுக்கும் ஒரு முட்டை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோருக்கும் வைத்துவிட்டு, சட்டியைத் துடைத்துச் சாப்பிடும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். கணவனும் மனைவியுமாகக் கொல்லைக்குப் போய்க் குஞ்சுகளை எண்ணுங்கள். எண்ணிக்கையைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். வாரம் ஒரு முறை எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்தால் ஏன் குறைந்தது என்று இருவரும் பேசுங்கள். காகமா, கீரியா, நோயா என்று காரணம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. என் அம்மா எண்ணியதில்லை. போன பிறகுதான் இருபத்திரண்டு என்று சொன்னார்கள்.

 அடுத்த முறை நான் வரும்போது சுவரில் எழுதிய கணக்கைக் காட்டுங்கள்.